ஒருத்திக்கு எந்த ஊர்?

“வீட்டுல எத்தனை பேரு?”

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதலில் வருகிற கேள்வி. “நான் மட்டும்தான்” என்றதும் எதிரில் இருப்பவர் ஒரு நொடி என் கழுத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார். நகரம், கிராமம், சின்ன ஊர் என்று மூன்று இடத்திலும் இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். அடுத்து வருவதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. சென்னையில், “சம்பளம் எவ்வளவு, நான்வெஜ் சமைப்பீங்களா?” தென்காசியில், “சொந்த ஊரு எது, நீங்க என்ன ஆளுக?” கிராமத்தில் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போனவரைத் தனியாகத் தென்னை மரத்தடிக்கு அழைத்துப் போய்க் கேட்டார்கள்.

எனக்கு இப்போது 44. கணக்கு எழுதுவது தொழில். நான்கு சின்ன நிறுவனங்களுக்கு டேலி மென்பொருளில் வரவு செலவு போட்டு, மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டன்களைத் தாக்கல் செய்ய வேண்டும். எங்கே உட்கார்ந்தும் செய்யலாம் என்கிற வேலை, அதனால்தான் ஊர் மாறுகிற ஆசையே வந்தது. சொந்த ஊர் திருச்சி, அங்கே இப்போது எங்களுக்கு யாரும் இல்லை. அண்ணன் பெங்களூரில் இருக்கிறான். “இங்கயே வந்து இரேன்” என்பான், அண்ணியும் மனதாரத்தான் சொல்வார். ஆனால் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் பிளஸ் டூ படிக்கிற பையனை ஹாலுக்குத் தள்ளிவிட்டு அவன் அறையில் அத்தை போய்ப் படுப்பது எத்தனை நாளைக்கு நடக்கும்?

சென்னையைத் திட்டிவிட்டுக் கிராமத்தைப் புகழ்கிறவர்கள் ஏராளம். நான் அந்தக் கட்சி இல்லை. 19 வருடம் அந்த ஊர்தான் சோறு போட்டது. ராத்திரி பத்தரைக்கு வேளச்சேரியில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் மடிப்பாக்கம் வந்து சேருவேன், ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருவரும் கேட்டதில்லை. மதியக் காட்சிக்குத் தனியாகப் படத்துக்குப் போவேன். ஓட்டலில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு, காபியையும் ஆற அமரக் குடித்துவிட்டு வருவேன். இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். வேறு ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்தது, பெரிய விஷயம்தான்.

அம்மா இருந்தவரை நாங்கள் ‘ஃபேமிலி’. 2021-இல் அம்மா போனதும் அதே வீட்டில், அதே வாடகைக்கு, நான் ‘பேச்சிலர்’ ஆகிவிட்டேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மொட்டை மாடிச் சாவியை மட்டும் ஒருநாள் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் அக்டோபரில் காய்ச்சல் வந்தது. மூன்று நாள், எழுந்து உட்கார முடியாத காய்ச்சல். மேல்வீடு, எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாவற்றிலும் ஆள் இருந்தார்கள், டிவி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டியது யார் என்றால், தண்ணீர் கேன் போடுகிற பையன். முந்தாநாள் வாசலில் வைத்துவிட்டுப் போன 20 லிட்டர் கேன் அப்படியே இருக்கிறதே என்று தட்டியிருக்கிறான். கதவைத் திறந்தேன், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். கால் மணி நேரத்தில் இளநீர் இரண்டும் ஒரு பாக்கெட் பிரெட்டும் வாங்கிக்கொண்டு வந்தான். காசு கொடுக்க ஜிபே நம்பர் கேட்டபோது அவனுடைய போனைப் பார்த்தேன். என் பெயர் அதில் இல்லை, ‘ஜி2 கேன்’ என்றுதான் போட்டு வைத்திருந்தான்.

தனியாக இருக்கிறவர்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகை, தண்ணீர், காற்று என்று ஆயிரம் பார்ப்போம். அதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது இது என்று அன்றைக்குத்தான் புரிந்தது: நாம் கதவைத் திறக்கவில்லை என்றால் எத்தனை மணி நேரத்தில், யார் வந்து தட்டுவார்கள்? மடிப்பாக்கத்தில் எனக்கு அது சுமார் 48 மணி நேரம்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். விடியற்காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் கணுக்கால் வரைக்கும் தண்ணீர், அதில் அம்மாவுடைய பிளாஸ்டிக் முக்காலி மிதந்துகொண்டிருந்தது. டேலி இருந்த லேப்டாப்பைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். மேல்வீட்டுக்காரர்கள் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள், அந்த மூன்று நாளில்தான் அவர்கள் வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்றே எனக்குத் தெரிந்தது.

சென்னையில் தரைத்தளம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புரோக்கரிடம் வெள்ளம் வருமா என்று கேட்காதீர்கள், வராது என்பார். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் போய், “2015-ல இங்க எதுவரைக்கும் நின்னுச்சுண்ணே?” என்று கேளுங்கள். முட்டியைக் காட்டுவாரா இடுப்பைக் காட்டுவாரா என்று பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் கரண்ட் மீட்டர் பெட்டியைப் பாருங்கள். மற்ற பெட்டிகள் இருக்க வேண்டிய உயரத்தை விட்டுவிட்டுத் தலைக்கு மேலே புதிதாகத் தூக்கி மாட்டியிருந்தால் அதற்கு ஒரு கதை இருக்கும். அந்த மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தனி இணைப்புக்குத்தான். சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கினால் ஒற்றை ஆளுக்கு அது முழு நஷ்டம்.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை, 1,40,000 கொடுத்திருந்தேன். காலி செய்தபோது பெயின்ட், ஊறிப்போன கதவு என்று 32,000 பிடித்துக்கொண்டார். கதவு ஊறியது வெள்ளத்தில், வெள்ளம் வந்தது அவர் வீடு பள்ளத்தில் இருந்ததால். சண்டை போட தெம்பில்லை, விட்டுவிட்டேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘வேறு மாதிரி’ என்பதில்தான் நாம் கையெழுத்துப் போட்டிருப்போம். ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கிற நானே அந்தப் பத்தியைப் படிக்காமல்தான் போட்டேன்.

சென்னை போதும், தெற்கே போய்விடலாம் என்று அந்த டிசம்பரிலேயே பேச ஆரம்பித்தேன். பேசி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 17, 18-ஆம் தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஆட்களோடு நின்றுபோனது. அண்ணன் போன் போட்டு, “இப்ப எந்தத் திசைக்கு ஓடப் போற?” என்றான்.

தென்காசியில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் உண்டு, ஹார்டுவேர் கடை. 2024 ஜூலையில் அவர்கள் கணக்கை நேரில் முடித்துக் கொடுப்பதற்காகப் பொதிகை எக்ஸ்பிரஸில் போய் இறங்கினேன். சாரல் காலம். வெயிலும் இல்லை, மழை என்றும் சொல்ல முடியாது, பவுடர் மாதிரி முகத்தில் ஒட்டுகிற தூறல். காசி விசுவநாதர் கோயில் வாசலில் நின்றால் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. மலை முழுக்க மேகம். நான்கு நாள் இருந்தேன், ஐந்தாம் நாள் ரயிலேறும்போது முடிவே செய்துவிட்டேன்.

இதுதான் நான் செய்த முதல் தப்பு. ஒரு ஊரை அதன் நல்ல மாதத்தில் பார்த்து முடிவெடுக்கவே கூடாது, பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பலகாரம் நன்றாகத்தான் இருக்கும். அந்த ஊர்க்காரர்களே எந்த மாதத்தைச் சபிக்கிறார்களோ அந்த மாதத்தில் போய் ஒரு வாரம் தங்க வேண்டும். தென்காசிப் பக்கம் என்றால் ஏப்ரல், மே ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை ஒரு தடவை.

இரண்டாவது தப்பு, போவதுதான் போகிறோம், முழுதாகப் போவோமே என்று டவுனை விட்டுவிட்டுக் கிராமத்துக்கே போனது. பண்பொழிக்கு அப்பால் ஒரு சின்ன ஊர், தென்காசியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஓட்டு வீடு, முன்னால் தார்சா, உள்ளே பட்டாசல் என்கிற கூடம், பின்னால் புறவாசலில் துவைகல்லும் ஒரு நெல்லி மரமும். வாடகை 3,000, அட்வான்ஸ் 10,000. கேட்டதும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடை முதலாளிக்குத் தெரிந்தவர், தென்னை மரத்தடியில் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தார். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் தெரு என்பது சாதி. எந்தத் தெருவில் உங்களுக்கு வீடு கிடைக்கும், எந்தத் தெருவில் ‘காலியா இல்லியே’ என்பார்கள் என்பது நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே முடிவாகிவிடும். எனக்கு வீடு கிடைத்தது. இன்னொருத்திக்கு அதே வீடு கிடைத்திருக்குமா என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன், அந்த ஊரை நினைக்கும்போதெல்லாம் அந்த உறுத்தல் கூடவே வருகிறது.

முதல் வாரமே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், ‘மெட்ராஸ் அக்கா’. திருச்சிக்காரி என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். காலையில் ஆறு மணிக்கு என் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் இல்லை என்றால் ஏழு மணிக்குச் சன்னலில் ஆச்சியின் முகம் இருக்கும். “என்ன தாயி, வாசத் தெளிக்கலையா, மேலுக்குச் சொகமில்லையா?” சென்னையில் 48 மணி நேரமாக இருந்தது இங்கே ஒரு மணி நேரம். அதற்குப் பயந்தே, வேலை முடித்து விடியற்காலை இரண்டு மணிக்குத் தூங்கிய நாட்களில்கூட ஆறு மணிக்கு எழுந்து நான்கு புள்ளி வைத்துவிட்டு மறுபடி படுத்திருக்கிறேன்.

அந்தக் கவனிப்பு எவ்வளவு பெரியது என்பது நவம்பரில் தெரிந்தது. துவைகல் அருகே பாசியில் வழுக்கி விழுந்தேன், இடது மணிக்கட்டு. கத்தினேனா என்றுகூட நினைவில்லை, இரண்டு நிமிடத்தில் ஐந்து பேர் நின்றார்கள். ஒரு அண்ணன் ஆட்டோவைக் கொண்டுவந்தார், ஆச்சியின் மருமகள் என் பீரோவைத் திறந்து ஒரு நல்ல சேலையை எடுத்துச் சுற்றிவிட்டு, “கெவருமெண்டு ஆஸ்பத்திரிக்கி, நல்ல சேலையா கெட்டிட்டுப் போங்க” என்றாள். தென்காசி அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். மூன்று வாரம் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், ஒரு வீட்டிலிருந்து சொதி. தலை வாரிவிட ஒரு பெண் வந்தாள், கேட்காமலே.

சரி, அப்படிப்பட்ட ஊரை விட்டு ஏன் வந்தாய் என்றால், ஒரே நாளில் நடந்த காரணம் எதுவும் இல்லை.

வேலையை முதலில் சொல்கிறேன். அந்தக் கையோடு 20-ஆம் தேதி 3பி போட வேண்டும். முந்தின நாள் ராத்திரி காற்றில் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்துவிட்டது. இன்வெர்ட்டர் வாங்கி வைத்திருந்தேன், 24,000 ரூபாய், அது மதியம் வரைக்கும் தாங்கியது. பிராட்பேண்டு காலையிலேயே போய்விட்டது, மதியத்துக்கு மேல் செல்போன் டவரும் படுத்துவிட்டது. மாவுக்கட்டுக் கையோடு லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் பிடித்துத் தென்காசி போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ராத்திரி எட்டு மணிக்கு நான்காவது ரிட்டனையும் முடித்தேன். தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய்தான் அபராதம், அது வரியில்லாத ரிட்டன் என்றால் 20. பணம் பெரிதில்லை, ஆனால் ‘ஊர்ப்பக்கம் போனதும் இந்தம்மா வேலை தளர்ந்துபோச்சு’ என்று ஒரு வாடிக்கையாளர் நினைத்துவிட்டால் அந்தக் கணக்கு திரும்பி வராது. ஏற்கெனவே ஒருவர், “உங்களுக்குத்தான் இப்ப செலவு கம்மியாச்சே” என்று மாதம் 4,000 குறைத்திருந்தார். ஊர் மாறுகிறவர்கள் இதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். புது ஊரின் வாடகையை யாரிடமும் வாயைத் திறந்து சொல்லாதீர்கள்.

வேலை முடித்துவிட்டு ஊருக்கு எப்படித் திரும்புவது? கடைசி பஸ் அதற்குள் போய்விட்டது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்பது எனக்கெல்லாம் பெரிய வரம், ஆனால் இல்லாத பஸ்ஸில் இலவசமாகப் போக முடியாதே. ஜெராக்ஸ் கடை அக்கா கடையைச் சாத்திவிட்டு என்னை அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் காலை ஊரில் போய் இறங்கினால் ஆச்சி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். திட்டவில்லை. “ராத்திரி எங்க தங்குன?” என்று மட்டும் கேட்டார், அதை நான்கு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீடு பார்க்கிறவர்கள் பகலில் ஒருமுறை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருமுறை பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான். பகல் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு பகல் பஸ்ஸிலேயே திரும்புகிறவர்களுக்கு அந்த ஊரின் பாதிதான் தெரியும். ஆறரைக்கு மேல் அந்தத் தெருவில் நான் ஒருநாளும் நடக்கப் போனதில்லை. யாரும் தடுக்கவில்லை, போவதற்கு இடம் இல்லை. வடகரை, மேக்கரைப் பக்கமெல்லாம் தென்னந்தோப்புக்குள் யானை இறங்கும் என்பதால் தோப்புப் பாதை இருட்டினால் கிடையாது. மழைக்காலத்தில் கட்டுவிரியன் பயம், அது கடித்தாலும் சில சமயம் வலிக்காது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும் என்று சொல்லிச் சொல்லித் தரையில் படுக்கிற பழக்கத்தையே விட்டுவிட்டேன். கொசுவலையை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் சொருகிவிட்டுத்தான் படுக்க வேண்டும், இது ஆச்சி சொல்லித் தந்தது.

அப்புறம் மொய். கணக்கு எழுதுகிறவள் என்பதால் இதையும் எழுதி வைத்திருக்கிறேன்: ஒன்பது மாதத்தில் 17 விசேஷம். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், பால்காய்ப்பு. துஷ்டி, அதாவது சாவு வீடுகள் தனி. மொத்தம் 9,300 ரூபாய், அதாவது மூன்று மாத வாடகைக்கு மேல். மாவுக்கட்டு போட்ட மூன்று வாரமும் சோறு கொண்டுவந்த வீடுகள், போகாமல் இருக்க முடியுமா, இருக்கவும் தோன்றவில்லை. ஆனால் மொய் என்பது போய்த் திரும்பி வருகிற பணம். எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, காதுகுத்த ஆள் இல்லை. என் பணம் போகும், வராது. ஆச்சிக்கு இது பெரிய மனக்குறை. “ஒரு சேவலறுத்து நீயும் ஒரு விருந்து வையேன், எல்லாரும் வந்து செஞ்சிருவாவ” என்று ஆலோசனை சொன்னார். “என்ன விசேஷம்னு சொல்றது ஆச்சி?” என்று நான் கேட்டால், யோசித்துவிட்டு, “கை நல்லானதுக்கு” என்றார்.

ஒவ்வொரு மொய் மேசையிலும் நோட்டு எழுதுகிறவர் ஊர்ப் பெயரை முதலில் எழுதுவார், அப்புறம் ஆள் பெயர். அதே ஊரில் குடியிருந்த என்னிடம், “ஊரு?” என்று கேட்டுவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள் ‘மெட்ராஸ்’ என்று எழுதிவிடுவார். 17 தடவையும்.

மார்ச்சில் என்னுடன் முன்பு வேலை பார்த்த நண்பர் ஒருவர் குற்றாலம் வந்தவர், என் லேப்டாப்புக்கு ஒரு ஹார்டு டிஸ்க் மாற்றிக் கொடுத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். கதவு திறந்துதான் இருந்தது, நாங்கள் தார்சாவில்தான் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தார். கோபமெல்லாம் இல்லை, “யாரு தாயி வந்தது, தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்” என்றார். அதற்குப் பிறகு நான் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானேதான் நிறுத்திக்கொண்டேன். அதைக் கவனித்த அன்றைக்குத்தான் கிளம்ப வேண்டும் என்று தோன்றியது.

தென்காசி டவுனில் வீடு கிடைக்க இரண்டு மாதம் ஆனது. சின்ன ஊரில் ‘டு லெட்’ பலகை பார்த்து வீடு பிடிக்கிற கதையெல்லாம் குறைவு. பலகை தொங்குகிற வீடு பெரும்பாலும் யாரும் இருக்க விரும்பாத வீடாக இருக்கும். பூக்காரம்மா, பால்காரர், மளிகைக் கடை இவர்கள் வாய் வழியாகத்தான் நல்ல வீடு வெளியே வரும், அதற்கு அவர்களுக்கு உங்கள் முகம் பழகியிருக்க வேண்டும். எனக்கு அந்த ஜெராக்ஸ் கடை அக்காதான் பிடித்துக் கொடுத்தார். ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடி வீடு, வாடகை 6,500, அட்வான்ஸ் 40,000. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார், அவரும் டீச்சரம்மாவும் முக்கால் மணி நேரம் என்னை இன்டர்வியூ செய்தார்கள். என்ன ஆளுக என்பதும் அதில் இருந்தது. முன்பென்றால் கோபம் வந்திருக்கும், இப்போதும் பிடிக்கவில்லைதான், “கணக்கு எழுதுற ஆளு சார்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். டீச்சரம்மா சிரித்துவிட்டார், அவர் சிரித்ததால் அந்தக் கேள்வி அதோடு போனது. எல்லாருக்கும் அப்படிப் போகாது என்பதும் தெரியும்.

இங்கே என் 3பி-க்கு ஆபத்தில்லை. பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை கரண்ட் நிறுத்துகிற நாளை முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுகிறார்கள், அன்றைக்கு ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுவேன், அவர்களிடம் ஜெனரேட்டர் உண்டு. காய்கறி கிலோக்கணக்கில் வாங்கினால் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும், ஆனால் ஒற்றை ஆள் ஐந்து கிலோ தக்காளியை வைத்து என்ன செய்வது, தெருவில் வருகிற வண்டியிலேயே கால் கிலோ வாங்கிக்கொள்கிறேன். மாதச் செலவு மருந்து, மொய் எல்லாம் சேர்த்து 21,000 ஆகிறது. சென்னையில் 37,000 ஆனது. கிராமத்தில் 15,000-தான் ஆகும் என்று நினைத்துப் போனேன். இன்வெர்ட்டர், இரண்டாவது சிம், ஆட்டோ, மொய் எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்துப் போட்டால் அங்கேயும் 20,000 வந்துவிட்டது.

சின்ன ஊரின் குறையையும் சொல்லாவிட்டால் தப்பு. ஓட்டலில் தனியாகப் போய் உட்கார்ந்தால் சர்வர், “ஃபேமிலி ரூம் உள்ள இருக்கும்மா” என்று ஒரு திரைக்குப் பின்னால் அனுப்பிவிடுவார். பெரிய வியாதி என்றால் திருநெல்வேலி, ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, 50 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நான் தைராய்டு டாக்டரைப் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாசஞ்சர் ரயிலில் போய்வருகிறேன். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் என்னை மாதிரித் தனிக்கட்டைகள் நாலைந்து பேர் இருந்தோம், எப்படியும் யாராவது சிக்குவார்கள். இங்கே ஞாயிறு என்றால் எல்லார் வீட்டிலும் கறிக்குழம்பு, எல்லாருக்கும் குடும்பம். கிராமத்திலாவது ஆச்சி சன்னலில் வந்து நிற்பார். இங்கே அது கொஞ்சம் ‘மரியாதைக் குறைவு’, அதனால் யாரும் வருவதில்லை. முதல் இரண்டு மாத ஞாயிறுகளில் சாயங்காலம் அழுகைகூட வந்திருக்கிறது.

அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் ரயில். ஞாயிறு தென்காசியில் ஏறிச் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் வரை போய்விட்டுத் திரும்புவேன். 2018-இல் அகலப் பாதையாகி முழுதாகத் திறந்த வழி. குகைக்குள் நுழைந்து வெளியே வந்தால் இந்தப் பக்கம் இருந்த வெயில் அந்தப் பக்கம் மழையாக இருக்கும். பதின்மூணு கண் பாலம் வரும்போது எல்லாரும் ஒரே பக்கச் சன்னலுக்கு வந்துவிடுவார்கள். புனலூரில் இறங்கி ஒரு கட்டன் சாயா, அவ்வளவுதான். அப்படி ஒரு பயணத்தில்தான் செங்கோட்டையில் தனியாக இருக்கிற ஒரு நர்ஸ் அக்கா பழக்கமானார். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு அவருடன் கழிகிறது.

அப்புறம், குடி போன முதல் வாரத்திலேயே இதை மட்டும் செய்துவிடுங்கள், எந்த ஊராக இருந்தாலும். ஒரு மாற்றுச் சாவியை நடந்து வருகிற தூரத்தில் இருக்கிற ஒரு ஆளிடம் கொடுத்து வையுங்கள். 108-க்குப் போன் செய்தால் வீட்டை எப்படி அடையாளம் சொல்வது என்பதை, அதாவது எந்தக் கோயில், எந்தக் கடை, எந்தத் திருப்பம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். மயக்கத்தில் நமக்கு வாய் வராது, வேறு யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். என் சாவி ஜெராக்ஸ் கடை அக்காவிடம் இருக்கிறது. கதவு திறக்காத கணக்கு இங்கே எவ்வளவு என்று கேட்டால், மாவுக் கடைக்குத் தினமும் சாயங்காலம் அரை லிட்டர் வாங்கப் போவேன், இரண்டு நாள் போகாமல் இருந்தபோது அவர்கள் மகனை அனுப்பி, “மாவு எடுத்து வைக்கவா வேண்டாமான்னு அம்மா கேட்டாங்க” என்று கேட்டுவரச் சொன்னார்கள். ஆக, சென்னையில் ஆன அதே 48 மணி நேரம். ஆனால் வந்த பையனுக்கு என் பெயர் தெரிந்திருந்தது.

போன மாதம் ஆச்சியிடமிருந்து போன் வந்தது, கொள்ளுப் பேத்திக்குக் காதுகுத்து. போகாமல் இருக்க முடியுமா? மதியம் டவுன் பஸ் பிடித்துப் போனேன். என் பழைய வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள், நெல்லி மரம் காய்த்துத் தொங்குகிறது. ஆச்சி கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இலை போட்ட இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். சாப்பிட்டுவிட்டு மொய் மேசைக்குப் போய் 500 ரூபாயை நீட்டினேன். நோட்டு எழுதுகிறவர் அதே ஆள்தான். நிமிர்ந்து பார்த்தார், இந்தத் தடவை ஊர் கேட்கவில்லை. ‘தென்காசி’ என்று எழுதிவிட்டு, “ஒங்க முழுப் பேரு என்னக்கா?” என்றார்.